அளவுக்கு எழுதிய பெயர்

ஜூன் 6, வியாழன்

முதலில் ஒரு திருத்தம். நேற்றைய பக்கத்தில், "பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். தவறு. நேற்றுக் காலையிலேயே அப்பா பலகை முழுக்க நீலப் பூச்சு அடித்துவிட்டார். நான் மாலையில் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பள்ளி வாசலில் நுழைந்தேன், குனிந்துகொண்டே வெளியே வந்தேன், வந்து எழுதினேன். பார்க்காமல் எழுதியது.

எங்களுக்கு மாலை வகுப்பில் கடைக்கணக்கு சொல்லித்தரும் சாரின் விதி இது. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பென்றால் மறுநாள் முதல் வரியில் திருத்த வேண்டும். கடைசி வரியில் அடுத்த நாள் வேலை இருக்க வேண்டும். "கணக்கு எழுதறவங்களுக்கு ரப்பர் ஆகாது" என்பார். சொந்த விஷயத்தையும் இப்படி எழுதிப் பழகினால் கை திருந்தும் என்றார். கை திருந்தியதா என்று தெரியவில்லை.

நோட்டில் திருத்திவிடலாம். ஆனால் அதே தவறை நேற்று போனில் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "இருக்குக்கா, அப்படியே இருக்கு." போனில் சொன்னதற்கு மறுநாள் திருத்தம் போட முடியவில்லை. இன்றைய நாள் முழுக்க அதனால் வந்ததுதான்.

முன்பே எழுதியதைச் சுருக்கமாக இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்புகிறது.

அப்பா போர்டு எழுதுகிறவர். மருந்துக் கடை, சலூன், பல் டாக்டர், வக்கீல் என்று ஊரில் பாதிப் பலகைகள் அவர் கை. எதை எழுதுவதற்கு முன்னாலும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நூல் அடித்துக் கோடு போட்டதும் சாக்பீஸால் "பொம்மி" என்று எழுதுவார். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இதுல கொம்பு இருக்கு, கால் இருக்கு, புள்ளி இருக்கு, தலைக்கு மேல வளைவும் இருக்கு. இது உக்காந்துட்டா எந்தப் பேரும் உக்காந்துடும்" என்பார். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடைக்காரர் கொடுத்த பெயரை எழுதுவார்.

பொம்மி என்பது என் அக்காவை வீட்டில் கூப்பிட்ட பெயர்.

இருபது வருடத்துக்கு முன்பு எங்களுக்கு அடுத்த தெருவில் தொடக்கப்பள்ளி கட்டினார்கள். என்ன பெயர் வைப்பது என்று நகரசபை இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. இவர்கள் ஒரு தலைவர் பெயரைச் சொன்னால் அவர்கள் இன்னொரு தலைவர் பெயரைச் சொன்னார்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் அப்பாவிடம், "பேரு காலைல வந்துடும், மத்ததை எழுதி வைங்க" என்றார்கள். அப்பா வலப்பக்கம் "தொடக்கப்பள்ளி" என்று பெயிண்டால் எழுதி முடித்தார். இடப்பக்கம் அளவுக்கு அக்கா பெயரைச் சாக்பீஸால் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

பெயர் வரவில்லை. திறந்து வைக்க வேண்டிய அதிகாரியின் கார் வந்துவிட்டது. நகரசபைத் தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாராம். "பாதிப் பலகை காலியா இருந்தா மானம் போயிடும்யா! அங்க என்ன இருக்கோ அதை ரொப்பு!"

அப்பா ரொப்பினார். அதிகாரி மேடையில் நின்று, பலகையை அண்ணாந்து பார்த்துப் படித்து, "பொம்மி தொடக்கப்பள்ளியைத் திறந்து வைப்பதில் பெருமைப்படுகிறேன்" என்றார். கல்வெட்டிலும் அதுவே ஏறியது. எதிராளி சொன்ன பெயர் வரவில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. பள்ளிக்குப் பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

அன்று மாலை அப்பா அக்காவைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினாராம். "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?" என்றாராம். அக்காவும் சொல்லவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு, அப்பா பேசி வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் கண்டக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அக்கா வெளியூர் போய்விட்டாள். "எனக்கு இவ ஒருத்திதான் பொண்ணு" என்று அப்பா என் தலைமேல் கைவைத்துச் சொன்னார். கனமான கை. அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயர் கிடையாது.

ஆனால் ஊர் முழுக்க அதே பெயர்தான். "பொம்மில மணி அடிச்சாச்சு." "பொம்மிக்கு இன்னைக்கு லீவா?" "பொம்மி பின்பக்கம் குப்பையைக் கொட்டாதே." எங்கள் வீட்டில் மட்டும் அது "அந்தப் பள்ளிக்கூடம்". அப்பா அந்தத் தெரு வழியாகவே போகமாட்டார். என் மாலை வகுப்பு நடப்பது அங்கேதான். "கிளாஸுக்குப் போறேன்" என்பேன், எங்கே என்று சொல்லமாட்டேன்.

இப்போது ஐஸ் ஃபேக்டரி முதலாளி பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தந்திருக்கிறார். பதிலுக்குத் தன் தாயார் பெயரை வைக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை விழா. பலகை மாற்றி எழுத நகரசபை அப்பாவைக் கூப்பிட்டது. அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். அன்றோடு அம்மா அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதே வாரம்தான் அக்காவின் கணவருக்கு இந்த ஊர் டிப்போவுக்கு மாற்றல் வந்தது. மகளை அந்தப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்றாள். "உங்க தாத்தா என் பேரை ஒரு பள்ளிக்கூடத்துக்கே வெச்சாருன்னு இவகிட்ட சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கேன்டி. வந்து பாக்கட்டும்." அவள் வருவது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி இன்று நடந்தது.

காலையில் அப்பா சாக்பீஸ் டப்பாவைத் தேடினார். பரணில் இல்லை, பெயிண்ட் பெட்டியில் இல்லை. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டப்பா எங்க?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "வாளியில கிடக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

போய்ப் பார்த்தேன். வாளித் தண்ணீர் பால் மாதிரி இருந்தது. அடியில் கூழ்.

"வேணும்னே பண்ணியிருக்கா" என்றார் அப்பா என்னிடம்.

"ஆமா, வேணும்னேதான்னு சொல்லு."

"தொழில் சாமான் மேல கைவைக்க வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"தொழிலாம் தொழில். பெத்த பொண்ணு பேரை அழிக்கக் கூலி வாங்கறது எந்த ஊர்த் தொழில்னு கேளு."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம். நான் எதையும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. இருந்தாலும் இருவரும் ஒவ்வொரு முறையும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்ததுபோல் இடைவெளி விட்டார்கள்.

அப்பா ஏணியை எடுக்கப் பின்பக்கம் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னார். சரின்னு வாயை மூடிக்கிட்டேன். காய் வாங்கிட்டு வரும்போது ஆட்டோ ஏறுவேன். 'எங்கம்மா?'ம்பான். 'பொம்மிகிட்ட நிறுத்துப்பா'ம்பேன்."

"மார்க்கெட்லேருந்து நடக்கற தூரம்தானேம்மா?"

"அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தான்டி ஆட்டோ." அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைலேருந்து நான் எங்க போய்ச் சொல்றது?"

அக்கா வரப்போவதை அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு அவருடன் போனேன். எல்லாருக்கும் நல்லவளாக இருக்கப் பார்க்கிறேனோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். பள்ளி வாசலில் ஏணியைச் சாத்தும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வெறும் நீலம். "இருக்குக்கா" என்று சொல்லியிருந்தேனே. உடனே போன் செய்தேன். அக்கா எடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்திருப்பாள்.

நகரசபை கிளார்க் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். எதற்கும் "ஆகட்டும் ஆகட்டும்" என்பதால் ஊரில் அவருக்குப் பெயரே ஆகட்டும்தான். வராந்தாவில் தலைமை ஆசிரியை அவரைப் பிடித்து வைத்திருந்தார்.

"எனக்கு மனசே இல்ல சார். பிள்ளைங்க பொம்மி அம்மையார் வரலாற்றை மனப்பாடமா ஒப்பிக்குது. இப்ப அதை மறந்துடுங்கன்னா?"

அவர் காட்டிய இடத்தில் ஒரு சார்ட் தொங்கியது. கொண்டை போட்ட, மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாளின் படம். கீழே வண்ண எழுத்தில்: "கல்வி வள்ளல் பொம்மி அம்மையார். தம் நிலம் முழுவதையும் இப்பள்ளிக்கு வழங்கினார். ஏழைக் குழந்தைகளுக்காகவே இறுதிவரை வாழ்ந்தார்." அந்த மாதிரி ஃபிரேம் எங்கள் கடையில் இப்போது வருவதில்லை. ஏன் அதைக் கவனித்தேன் என்று தெரியவில்லை.

"இது யாரு எழுதினது டீச்சர்?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவங்கம்மா. இன்ஸ்பெக்‌ஷன்ல 'யாரு இந்தப் பொம்மி'ன்னு கேட்டாங்களாம். நாலு பேரை விசாரிச்சுத்தான் எழுதியிருப்பாங்க." அவர் மறுபடி கிளார்க் பக்கம் திரும்பினார். "அந்தம்மா குடும்பத்துல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

"விசாரிச்சுட்டோம் டீச்சர். வாரிசு யாரும் இல்லை."

"ஒருத்தர்கூடவா?"

"சுத்தமா யாரும் இல்லைங்கறேன். இருந்தா இந்நேரம் வந்து சண்டை போட்டிருக்க மாட்டாங்களா?"

அப்பா படியில் உட்கார்ந்து டப்பாவில் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். அது எப்போதோ கலந்துவிட்டது. குச்சி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உள்ள போய் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.

வாங்கி வந்து கொடுத்தேன். அவர் ஏறினார். நான் அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூல் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சாக்பீஸ் உரசும் சத்தம். நேர் கீழே நிற்பவளுக்குப் பலகையில் என்ன எழுதுகிறார் என்று தெரியாது. கிளார்க் எழுதித் தந்த சீட்டு அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. இந்தப் பலகையில் மட்டுமாவது பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, சீட்டைப் பார்த்து எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இறங்கினார். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். திரும்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். அப்புறம் மூடிய கண்ணையும் திறந்துவிட்டார்.

நான் பின்னால் தள்ளிவந்து அண்ணாந்து பார்த்தேன். நீலத்தின் மேல் வெள்ளையாக, நல்ல பெரிய எழுத்தில், பொம்மி.

"அம்மா, இதானே? பொ... ம்... மி! உன் பேரு!"

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து வந்த அக்கா, அப்பாவுக்கு இரண்டு கை தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். முன்பற்கள் இரண்டும் இல்லாததால் பெயரைச் சொல்லும்போது காற்று வந்தது.

"தாத்தா சாக்பீஸ்லயாம்மா எழுதினாரு? மழை வந்தா அழிஞ்சிடாதா?"

நான் ஏணியை விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன். அக்கா இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "இருக்குன்னியேடி" என்றாள்.

"பாக்காம சொல்லிட்டேன்க்கா."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்கீங்களாப்பா?"

அப்பா சாக்பீஸ் கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"இவரு யாரும்மா?" என்றது குழந்தை.

அக்கா கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பதில் சொல்லட்டும் என்று விட்டாள். அவர் சொல்லாதபோது, "போர்டு எழுதறவரு" என்றாள்.

அதற்குள் ஆகட்டும் வாசலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார். "என்ன பெரியவரே, பழைய பேரையே மறுபடி எழுதறீங்க! சீட்டு குடுத்தேனே?"

"அளவுக்கு" என்றார் அப்பா.

"அளவுக்குன்னா?"

"இடம் பாக்க எழுதறது. அப்புறம் தொடைச்சிடுவேன்."

கிளார்க் சிரித்தார். "அதுக்கு இந்தப் பேருதானா கிடைச்சுது? சரி, இது நிஜமா யாரு பேருங்க? அந்தக் காலத்துல எழுதினது நீங்கதானே? உங்களுக்காவது தெரியுமா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குழந்தை மட்டும் பலகையை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். "யாரு பேரும் இல்ல. சும்மா, அளவு பாக்கற வார்த்தை."

"ஆகட்டும் ஆகட்டும். சீக்கிரம் முடிங்க." கிளார்க் போய்விட்டார்.

அக்காவின் முகம் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குனிந்து குழந்தையின் சட்டைப் பட்டனைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"கேட்டியா குட்டி? அளவு பாக்கற வார்த்தையாம். தொடைச்சிடுவாங்களாம். வா, உள்ள போய் உன் பேரை எழுதிட்டு வருவோம். அதையாவது பேனாவுல எழுதுவாங்க."

அவர்கள் முன்னால் போனார்கள். அப்பா பின்னால் போய் ஏணியில் கால் வைத்தார். ஏணி ஆடியது. நான் அக்காவோடு உள்ளே போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு ஏணியைப் பிடித்தேன். அது சரியா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

ஏணிக்குப் பக்கத்தில்தான் தலைமை ஆசிரியையின் அறை ஜன்னல். உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

"குழந்தையோட அம்மா பேரு?"

"சர்டிஃபிகேட்ல வேற இருக்கும் டீச்சர். கூப்பிடறது பொம்மின்னு."

"அட, நம்ம ஸ்கூல் பேரு! அந்த அம்மையாரை நினைச்சா வெச்சாங்க வீட்டுல?"



"இருக்கும் டீச்சர். எங்கப்பாவுக்கு அந்தம்மா மேல ரொம்ப மரியாதை."

மேலே துணியால் துடைக்கும் சத்தம் நின்றது. சாக்பீஸ் கரைந்த தண்ணீர் என் நெற்றியில் சொட்டியது. பிறகு மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

அக்கா வெளியே வரும்போது பலகை மறுபடி வெறும் நீலமாக இருந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் பேசினாள்.

"அம்மா எப்படி இருக்கா?"

"இருக்காக்கா."

"நாளைலேருந்தே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. எட்டரைக்கு." போக இரண்டடி வைத்தவள் நின்றாள். "உங்கப்பாகிட்ட பாத்து நிக்கச் சொல்லு. கால் நடுங்குது."

உங்கப்பா என்றாள். அம்மாவும் காலையில் அப்படித்தான் சொன்னாள். இன்று அவர் எனக்கு மட்டும் அப்பா.

குழந்தை திரும்பிக் கையாட்டியது. "போர்டு தாத்தா, டாட்டா!"

அப்பாவின் கையில் பிரஷ் இருந்தது. பிரஷ்ஷோடு கை அரை அளவு மேலே போய், அங்கேயே நின்றது. ஆட்டினாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீளமான ஒரு வெள்ளைச் சொட்டு மட்டும் அவர் செருப்பில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் சாக்பீஸைத் தொடவில்லை. அளவும் பார்க்கவில்லை. சீட்டை வாயில் கவ்விக்கொண்டு நேராகப் பெயிண்டில் எழுதத் தொடங்கினார். ஐஸ்காரர் தாயாரின் பெயர் நீளமான பெயர். முதல் பாதி அழகாக வந்தது. மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் இடம் போதவில்லை. கடைசி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முடிவில் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அப்பாவுக்கு இப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

ஆகட்டும் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க இது! முதலாளி அம்மாவைக் கூட்டமான பஸ்ல படிக்கட்டுல நிக்க வெச்ச மாதிரி இருக்கு! அவரு பாத்தாருன்னா என் வேலை போயிடும். தொடைச்சிட்டு நாளைக்கு ஒழுங்கா எழுதுங்க. நீங்க அளவு பாக்கலையா?"

"பாக்கல" என்றார் அப்பா.

ஈரம் காய்வதற்குள் டர்பன்டைன் துணியால் மொத்தத்தையும் துடைத்தார். நீலத்தின் மேல் வெள்ளை இழுத்துப் பூசிய மாதிரி ஒரு கறை நின்றது. இன்று இந்தப் பள்ளிக்குப் பழைய பெயரும் இல்லை, புதிய பெயரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், என்னிடம்தான். "முடிஞ்சுதான்னு கேளு."

"முடியலன்னு சொல்லு" என்றார் அப்பா. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"படிக்கற பொண்ணுதானே நீ. எனக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிச்சுக் குடு. கொம்பு, கால், புள்ளி, மேல வளைவு. நாலும் இருக்கணும். சின்ன வார்த்தையா இருக்கணும்."

"எதுக்குப்பா?"

"அளவுக்குத்தான். வேற ஒண்ணு வேணும்."

எப்படி வாயில் வந்தது என்று தெரியாது, கேட்டுவிட்டேன். "என் பேரை எழுதிப் பாருங்களேன்ப்பா."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே யோசித்தார். விரலால் தரையில் எழுதிக்கூடப் பார்த்தார். "உன் பேருல கொம்பும் இல்ல, புள்ளியும் இல்ல" என்றார்.

சமையலறையில் போய் நின்றேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வந்தது, குழந்தை எழுத்துக் கூட்டியது, அப்பா சொன்ன பதில். பதிலை மட்டும் மாற்றிச் சொல்லலாமா என்று தோன்றியது. மாற்றவில்லை.

அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பல்லு விழுந்திருக்கா? மேலயா, கீழயா?" என்றாள்.

"மேல. முன்னாடி ரெண்டு."

"இவளுக்கும் மேலதான் முதல்ல விழுந்துச்சு. எல்லாருக்கும் கீழ விழும், இவளுக்கு மட்டும் மேல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றா?"

"எட்டரைக்கும்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். கூடத்து வாசலில் போய் நின்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக நேராக அவரைப் பார்த்துப் பேசினாள். "ஏங்க. நாளைக்கு இவ கடைக்குப் போகட்டும். ஏணியை நான் வந்து பிடிக்கறேன்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "ம்" என்றார்.

இதை எழுதுவது வகுப்பில் உட்கார்ந்து. சார் இன்னும் வரவில்லை. இது பகலில் ஒன்றாம் வகுப்பு. பெஞ்ச் முழங்காலை இடிக்கிறது. நாளைக் காலை அந்தக் குழந்தையை இதில்தான் உட்காரவைப்பார்கள். வாசலில் நுழையும்போது இன்று அண்ணாந்து பார்த்தேன். கறை அப்படியே இருக்கிறது.

அப்பா கேட்ட வார்த்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்கினேன். ரொம்ப நேரம் ஆகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எதிர்ச் சுவரில் பிள்ளைகளுக்கான படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். முதல் வரிசையிலேயே இருக்கிறது: தொப்பி. கொம்பு, கால், புள்ளி, மேலே வளைவு. அதற்குப் பக்கத்தில் ரொட்டி. அதிலும் நாலும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கிறது. ஒதுக்கி வைத்த பக்கம் வீணாகிவிட்டது.

ஊரில் இத்தனை பலகைகளுக்கும் அப்பா தொப்பி என்று எழுதி அளவு பார்த்திருக்கலாம். எழுத்தே தொழிலாக இருப்பவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வெறும் கைப்பழக்கம் என்றால் அக்கா போன இந்த எட்டு வருடத்தில் போயிருக்கும் என்றும் நினைக்கிறேன். போகவில்லை என்றால் அவர் விடவில்லை என்று அர்த்தம். இது என் ஊகம். தவறென்றால் நாளை முதல் வரியில் திருத்துகிறேன்.

நாளைய வேலை: காலையில் கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்க வேண்டும். அதை அப்பா கையில் கொடுத்து, "தொப்பி" என்று சொல்ல வேண்டும்.